விக்கிப்பீடியாவின் பக்கத் தோற்றம்

விக்கிப்பீடியாக் கட்டுரை எந்த வடிவில் வாசகர் கண்ணில் படுகிறது என்பதை முடிவு செய்வது அதன் 'தோற்றம்'. கட்டுரையை யார் எழுதியிருந்தாலும் வரியின் நீளம், பொருளடக்கம் நிற்கும் இடம், பிற மொழி இணைப்புகள் எல்லாம் இதன் பொறுப்பு. ஆங்கிலப் பதிப்பு 2001 ஜனவரி 15-லும் தமிழ்ப் பதிப்பு 2003 செப்டம்பரிலும் தொடங்கின. இடைமுகத்தைத் தமிழாக்கியவர்களில் முன்னோடி, இலங்கைக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். பொத்தான்களின் பெயர்கள் தமிழாயின. சட்டகம் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.

2004-ல் வந்த 'மோனோபுக்' தோற்றத்தில் பின்னணியாக மங்கலான புத்தகப் படம் இருந்தது. பிற மொழி இணைப்புகள் இடப்பக்கப் பட்டையின் அடியில் கிடந்தன. 2010 மே 13 அன்று ஆங்கிலப் பதிப்பு 'வெக்டர்' தோற்றத்துக்கு மாறியபோது வடிவமைப்பாளர்கள் அந்தப் பட்டியலைச் சுருட்டி மறைத்துவிட்டார்கள். நூற்றுக்கு ஒருவர்கூட அதைச் சொடுக்குவதில்லை என்பது அவர்கள் கணக்கு. எதிர்ப்பு கிளம்பியது. சொடுக்காதவருக்கும் தன் மொழியில் ஒரு கட்டுரை இருக்கிறது என்ற சேதி அந்தப் பட்டியலிலிருந்து போய்ச் சேர்கிறதே என்றார்கள் பயனர்கள். சில வாரங்களில் பட்டியல் திரும்பி வந்தது.

அந்த வாதத்தின் நியாயம் கோலார் தங்க வயலில் நன்றாக விளங்கும். கர்நாடகத்துக்குள் தமிழர் மிகுந்த ஊர்; ஆந்திர எல்லையும் அருகில். விக்கிப்பீடியா பிறந்து ஆறு வாரம் கழித்து, 2001 பிப்ரவரி 28-ல், சுரங்கத்தை மூடினார்கள். அந்தக் கதையை ஆங்கிலத்தில் படித்த, தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டைக்காரர் தமிழிலும் கன்னடத்திலும் ஒத்துப் பார்க்க விரும்பினால் கைகொடுப்பது அந்தப் பட்டியல்தான். 2016-ல் பட்டியலைச் சுருக்கி, வாசகர் முன்பு தேர்ந்த மொழி, அவருடைய நாடு முதலியவற்றை வைத்து ஒரு சில மொழிகளை மட்டும் முன்னே காட்டினார்கள். நாட்டை வைத்துத் தங்க வயலின் வீட்டு மொழியை ஊகிப்பது எளிதல்ல.

தமிழ் வாசகருக்கு இவற்றைவிடப் பெரிய மாற்றம் 2011 இறுதியில் நடந்தது. கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். இந்திய மொழிப் பதிப்புகளில் எழுத்துருவையே பக்கத்தோடு அனுப்பும் வசதி வந்தபின் அந்தத் தொல்லை தணிந்தது.

2023 ஜனவரி 18-ல் ஆங்கிலப் பதிப்பு ஏற்ற 'வெக்டர் 2022' வரியைக் குறுக்கியது. பொருளடக்கத்தை இடப்பக்கம் நிறுத்தியது. மொழிப் பொத்தானைத் தலைப்பின் அருகே ஏற்றியது. வெற்றிடம் வீணாகிறது என்று ஆங்கிலப் பயனர்கள் நீண்ட வாக்குவாதம் நடத்தினார்கள். குறுகிய வரி கண்ணுக்கு இதம் என்பது சரிதான். ஆனால் தமிழில் 'இடமாற்றப்பட்டிருந்தவர்களுக்கு' போல ஒட்டி ஒட்டி நீளும் சொற்கள் ஒல்லியான பொருளடக்கப் பத்தியில் மடிந்து மடிந்து விழுகின்றன. அளவெடுத்தது வேறு யாருக்கோ என்று தோன்றும். 2024-ல் இருள் திரையும் எழுத்தளவைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் சேர்ந்தன. ஒற்றும் கொம்பும் சுழியும் கொண்ட தமிழுக்குப் பின்னதே அதிகப் பயன்.

தங்க வயலின் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர் கையில் இருப்பது கைபேசி. அதில் மொழி மாற்றும் பொத்தான் தலைப்பை ஒட்டிய சிறு சின்னம்: ஒரு சீன எழுத்து, பக்கத்தில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து.