ஏழில் ஒன்று, பத்தில் ஒன்று: 'தகுதி'யின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நான் படித்த பள்ளியில் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் ரேங்க் கார்டு தருவார்கள். வீட்டில் கையெழுத்து வாங்கி வரவேண்டும். 'எத்தனாவது ரேங்க்டா?' என்பதுதான் அப்பாவின் முதல் கேள்வி. எவ்வளவு மார்க் என்பதெல்லாம் பிறகுதான். இரண்டும் வெவ்வேறு சங்கதிகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. மார்க் என்னைக் கேள்வித்தாளின் முன் நிறுத்துகிறது. ரேங்க் என்னைப் பக்கத்து பெஞ்சுக்காரனோடு சேர்த்து நிறுத்துகிறது. நாடு முழுவதற்கும் ஒரே கேள்வித்தாள் என்னும் பொதுத்தேர்வோ, நான் பார்த்தேயிராத லட்சக்கணக்கானவர்களோடு என்னை வரிசையில் நிற்க வைக்கிறது. யாரை யாரோடு வைத்து அளப்பது என்பதை இம்மூன்று அளவுகோல்களும் மூன்று விதமாகத் தீர்மானிக்கின்றன. அளவு சரியா தப்பா என்ற விவாதத்துக்கு முன்பே அரசியல் அங்கே நுழைந்துவிடுகிறது.

1990இல் மண்டல் பரிந்துரை அமலாக்கப்படும் என்ற அறிவிப்பை ஒட்டி எழுந்த கூச்சலில், 'அமெரிக்காவைப் பாருங்க சார், அங்க திறமைக்கு மட்டும்தான் இடம்' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரி, பார்த்துவிடுவோம்.

2

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டில் நுழைவதற்கு அவர்களே நடத்திய நுழைவுத்தேர்வில் தேறினால் போதும். லத்தீன் முதலிய பாடங்களைச் சொல்லிக்கொடுத்த மேட்டுக்குடித் தனியார் பள்ளிகளின் பையன்களுக்கு அந்த வாசல் எப்போதும் திறந்தே இருந்தது. அப்போது 'தகுதி' குறித்து யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. புகார் எப்போது வந்தது? கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அதே தேர்வை எழுதித் தேறியபோது. 1922இல் முதலாண்டு மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் யூதர்.

அப்போதைய ஹார்வர்ட் தலைவர் ஏ. லாரன்ஸ் லோவல் யூதர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டுமென்று முன்மொழிந்தார். கறுப்பின மாணவர்களை முதலாண்டு விடுதிகளில் தங்கவிடாதவரும், 1927இல் சாக்கோ, வான்செட்டி இருவரின் மரண தண்டனைக்கு நியாயம் சொன்ன ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. யூதர்கள் பெருகினால் யூத வெறுப்பு பெருகும், ஆகவே அவர்களைக் குறைப்பது அவர்களுக்கே நல்லது என்பது அவர் வாதம். (ஒடுக்கப்பட்டவர்களின் நன்மைக்காகவே அவர்களை ஒதுக்கும் இந்தக் கரிசனம் நமக்கொன்றும் புதிதல்ல.) 1922 இலையுதிர்காலம் முதல் விண்ணப்பப் படிவத்தில் புதிய கேள்விகள் முளைத்தன. இனம், நிறம் என்ன? மதம் என்ன? தாயின் கன்னிப்பெயர் என்ன? தந்தை பிறந்த ஊர் எது? பிறந்தபின் உன் பெயரோ உன் தந்தையின் பெயரோ மாற்றப்பட்டிருக்கிறதா?

ஆசிரியர் குழு 1923இல் வெளிப்படையான வரம்பை நிராகரித்தது. அதற்குப் பதிலாக ஒரு புதுவழியைச் சொன்னது. பள்ளி வகுப்பில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வரும் மாணவரை நுழைவுத்தேர்வு இல்லாமலே சேர்த்துக்கொள்ளலாம். மேற்கிலும் தெற்கிலும் உள்ள சிறுநகரங்களின் பிள்ளைகள், அதாவது பெரும்பாலும் வெள்ளைக் கிறித்தவர்கள், இவ்வழியில் வருவார்கள் என்பது கணக்கு. வகுப்பு ரேங்க் அங்கே சேர்க்கைக் கருவியான கதை இது.

கணக்கு பிசகிற்று. கிழக்குக் கரையின் பொதுப்பள்ளிகளில் முதல் ஏழில் இருந்தவர்களில் யூதப் பிள்ளைகளும் கணிசம். 1925இல் யூத மாணவர் பங்கு நான்கில் ஒன்றைத் தாண்டியது. உடனே அளவுகோலை மாற்றினார்கள். 1926இல் முதலாண்டு இடங்கள் ஆயிரம் என்று வரம்பிடப்பட்டன. தேர்வுக்கு 'குணம்', 'ஆளுமை' ஆகியவை அடிப்படையாயின. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் யூதர் பங்கு பெருமளவு சரிந்தது. எந்த விதியிலும் 'யூதர்' என்ற சொல்லே இல்லை.

இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தேர்வு மதிப்பெண், ரேங்க், குணம் என்று மூன்று ஆண்டுகளுக்குள் முக்கியத்துவம் இடம் மாறுகிறது. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: யார் உள்ளே வரக்கூடாது என்ற முடிவு.

3

இதே 1926இல் ஜூன் 23 அன்று, ஏறத்தாழ எட்டாயிரம் பேர் ஒரு புதுத் தேர்வை எழுதினார்கள். அதுதான் எஸ்.ஏ.டி. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகாம். முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்கு வைத்த அறிவுச்சோதனைகளை ஆராய்ந்து, வட ஐரோப்பிய இனத்தாரே மேலானவர் என்று 1923இல் புத்தகம் எழுதியவர் அவர். 1930இல் அந்த முடிவுகள் ஆதாரமற்றவை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆசிரியர் தன் புத்தகத்தைக் கைவிட்டார், தேர்வு நிலைத்துவிட்டது.

1930களில் ஹார்வர்டின் அடுத்த தலைவர் ஜேம்ஸ் கானன்ட், சாதாரணப் பள்ளிகளின் கெட்டிக்காரப் பையன்களுக்கு உதவித்தொகை தர இத்தேர்வைப் பயன்படுத்தினார். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. பரம்பரைச் சீமான்களின் வளாகத்தில் ஒரு பொதுத்தேர்வு சிறு திறப்பை உண்டாக்கியது உண்மை. ஆனால் திறந்த கதவு விரைவில் கட்டணக் கதவானது. பயிற்சி மையம், தனி ஆசிரியர், மீண்டும் மீண்டும் எழுதும் வசதி எல்லாம் காசுள்ளவர்களுக்கே. பண்பாட்டு மூலதனம் என்று பூர்தியு சொன்னது மதிப்பெண்ணாக உருமாறி, 'இயல்பான திறமை' என்ற பெயரில் வீட்டுக்குத் திரும்பிவருகிறது. அந்த மதிப்பெண்ணும் போதாது என்பதுதான் வேடிக்கை. ராஜ் செட்டி முதலிய பொருளாதார அறிஞர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தாலும், உச்சநிலைத் தனியார் பல்கலைக்கழகங்களில் இடம்பெறும் வாய்ப்பு நடுத்தர வர்க்கப் பிள்ளையைவிட மிகப்பெரும் பணக்கார ஒரு விழுக்காட்டினரின் பிள்ளைக்கு இருமடங்குக்கு மேல். பழைய மாணவரின் வாரிசு, விளையாட்டு வீரர், 'ஆளுமை' என்று அதற்குப் பல பெயர்கள்.

4

ரேங்க் என்ற அதே கருவி, எழுபது ஆண்டுகளுக்குப்பின் வேறு கைகளுக்கு வந்தது. ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரிக்குள் நுழைய 1950இல் உச்சநீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. அதே சட்டக்கல்லூரியைப் பற்றிய ஹாப்வுட் வழக்கில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின, மெக்சிக்க அமெரிக்க மாணவர்களின் சேர்க்கை விழுந்தது.

மெக்சிக்க அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினர் இர்மா ராங்கெல் முன்னெடுத்த சட்டம் 1997இல் நிறைவேறியது. மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டுக்குள் முடித்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. எஸ்.ஏ.டி. குறுக்கே நிற்க முடியாது. அதுவரை ஆஸ்டினுக்கு ஆள் அனுப்பியவை பெரும்பாலும் சில வளமான புறநகர்ப் பள்ளிகள்தாம். எல்லைப்புற ஊர்களின் பள்ளிகளுக்கும் கறுப்பினத்தவர் வாழும் நகரப் பகுதிகளின் பள்ளிகளுக்கும் இப்போது கதவு திறந்தது. கிராமப்புற வெள்ளையர்களுக்கும் ஆதாயம் இருந்ததால் அவர்களுடைய பிரதிநிதிகளும் ஆதரவாக வாக்களித்தார்கள். 'தரம் குறையும்' என்ற பேச்சுக்கும் பதில் கிடைத்தது: எஸ்.ஏ.டி.யில் தம்மைவிடக் கூடுதல் வாங்கிப் பிறவழியில் வந்தவர்களைக் காட்டிலும், ரேங்க் வழியே வந்தவர்கள் முதலாண்டில் நன்றாகப் படித்ததைப் பல்கலைக்கழகத்தின் அறிக்கைகளே காட்டின.

ஆனால் கொண்டாடுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்தச் சட்டம் ஏன் வேலை செய்தது? பள்ளிகள் நடைமுறையில் இனவாரியாகப் பிரிந்தே கிடந்தன என்பதால்தான். கறுப்புப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளி இருந்தால்தான் அதன் முதல் பத்து விழுக்காடும் கறுப்பாக இருக்கும். பிரிவினையை ஒழிக்க முடியாத ஒரு சமூகம், பிரிவினையையே பயன்படுத்தி நீதி தேடிய விசித்திரம் இது. இடம் கிடைத்தாலும் போய்ப் படிக்கக் காசு வேண்டும். அதற்கெனத் தேர்ந்த பள்ளிகளுக்குத் தனி உதவித்தொகை ஏற்படுத்த வேண்டியிருந்தது. ரேங்க் ஏறுவதற்காகவே பிள்ளையைப் போட்டி குறைந்த பள்ளிக்கு மாற்றிய பெற்றோரும் உண்டு.

பிறகு நடந்தது நாம் அறிந்த கதைதான். 'எங்க பிள்ளை நல்ல பள்ளியில் பதினோராவது விழுக்காடு, அவனுக்கு இடமில்லையா?' என்று வசதியானவர்கள் கேட்டார்கள். 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆஸ்டினில் இவ்வழிச் சேர்க்கைக்கு மாநில மாணவர் இடங்களில் 75 விழுக்காடு என்ற வரம்பு 2011 முதல் வந்தது. பத்து எட்டாகி, ஏழாகி, ஆறாகி, 2026 சேர்க்கைக்கு ஐந்து என்று 2024இல் அறிவித்தார்கள். 2023இல் உச்சநீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில் இனம்சார் சேர்க்கையை முடக்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் பல இடங்களில் கட்டாயமில்லை என்றாகியிருந்த எஸ்.ஏ.டி.யை ஹார்வர்டும் ஆஸ்டினும் 2024இல் மறுபடி கேட்கத் தொடங்கின.

5

தமிழ்நாட்டில் நாமும் இந்தச் சுற்றில்தான் இருக்கிறோம். 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு வந்தது. கிராமப்புற மாணவர்கள் பின்தள்ளப்படுகிறார்கள் என்று போராடி, 2007இல் சட்டம் போட்டு ஒழித்தோம். 2017இலிருந்து மருத்துவத்துக்கு நீட். பிளஸ் டூ மதிப்பெண்ணே நியாயம் என்று நாம் பேசியபோது, அந்த மதிப்பெண்ணைக் கோழிப்பண்ணைபோல உற்பத்தி செய்த தனியார் பள்ளிகளை மறந்திருந்தோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, டெக்சாஸ் பத்து விழுக்காட்டின் தூரத்துச் சொந்தம் என்றே நினைக்கிறேன். 'உன்னை உன்னைப் போன்ற பள்ளிகளில் படித்தவர்களோடு வைத்து அளக்கிறேன்' என்பது அதன் உள்ளர்த்தம். அதன் பலவீனமும் அதுவேதான்: அரசுப் பள்ளி ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வியை அது தள்ளிவைக்கிறது.

நுழைவுத்தேர்வா, பள்ளி மதிப்பெண்ணா, ரேங்க்கா, எது உண்மையான தகுதியைக் காட்டும் என்று நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். 1923க்கும் 1926க்கும் இடையிலான அந்த மூன்று ஆண்டுகளைப் படித்தபிறகு இந்தக் கேள்வியை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. ஓர் அளவுகோல் கைவிடப்படும்போது, அதற்கு முந்தைய ஆண்டு அதில் ஜெயித்தவர்கள் யார் என்று முதலில் பார்க்கிறேன். அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பிறகு தகுதி பற்றிப் பேசலாம்.