கையெழுத்தின் எடை: அமெரிக்காவில் மனு முதல் இணையம் வரை

அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தைப் பேச்சுரிமைக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1791இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒற்றை வாக்கியத்தின் கடைசியில் இன்னோர் உரிமையும் இருக்கிறது: குறைகளைத் தீர்க்கும்படி அரசிடம் மனுக் கொடுக்கும் உரிமை. இணையம் அமெரிக்கர்களின் அரசியல் பங்கேற்பை வளர்த்ததா, தேய்த்ததா என்ற விவாதம் பெரும்பாலும் சமூக ஊடகங்களிலிருந்து தொடங்குகிறது. இக்கட்டுரை அதை மனுவிலிருந்து தொடங்குகிறது. கருத்தைத் திரட்டும் உழைப்பு குறையக் குறைய, திரட்டிய கருத்தின் மதிப்பும் எப்படிக் கரைந்தது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் புலப்படும்.

1833இல் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் தோன்றியது. தலைநகரில் அடிமைமுறையை ஒழிக்கக் கோரும் மனுக்களை அச்சடித்து ஊர்தோறும் அனுப்பினார்கள். வாக்குரிமை இல்லாத பெண்கள் அவற்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் படியேறினார்கள். மனுக்கள் குவிந்ததும் பிரதிநிதிகள் சபை 1836இல் ஒரு விதி செய்தது: இவற்றைப் படிக்கவும் வேண்டாம், விவாதிக்கவும் வேண்டாம், ஓரமாக வைத்துவிடலாம். அந்த வாய்ப்பூட்டை எதிர்த்து முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் சபைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1844 டிசம்பரில் விதி நீங்கியது. பூட்டுப் போட வேண்டிய அளவுக்கு அந்தக் காகிதங்களுக்குக் கனம் இருந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

ஒன்றைக் கவனிக்கலாம். ஒரே வாசகத்தைப் பலர் அனுப்புவதை இணையத்தின் சீரழிவாகச் சொல்வது வழக்கம். 1830களின் மனுக்களிலும் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான். வேறுபாடு, வீடு வீடாக நடந்த நடையில் இருந்தது. டேனியல் கார்ப்பென்டரும் காலின் மூரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே மனுவை ஒரே வட்டாரத்தில் கொண்டுபோனபோது, பெண்கள் ஆண்களைவிட 50 விழுக்காடோ அதற்கு மேலோ அதிகக் கையெழுத்துத் திரட்டினார்கள். அப்படி நடந்தவர்களில் பலர் பின்னாளில் பெண்ணுரிமை இயக்கத்தை நடத்தினார்கள். முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று வாதாடிப் பழகிய வாய் அது. மனுவால் உடனே சட்டம் மாறவில்லை. மனுவைச் சுமந்தவர்கள் மாறினார்கள்.

அடுத்த நூற்றாண்டில் மக்கள் கருத்தை அறிய வேறொரு வழி பிறந்தது. 1936 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜெஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச்சீட்டு மாதிரிகளை அஞ்சலில் அனுப்பி, திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணி, ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். மிகக் குறைவானவர்களைக் கேட்டே கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் அந்த வெற்றியைச் சரியாகக் கணித்திருந்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், பானையைக் கிண்டிவிட்டு எடுத்தால்! இதன்பின் கருத்துக்கு இரண்டு கணக்குகள் ஆயின. எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்பதைக் கருத்துக்கணிப்பு சொல்லும். எத்தனை தீவிரமாக நினைக்கிறார்கள் என்பதை மனுவும் கடிதமும் சொல்லும்.

1946இன் நிர்வாக நடைமுறைச் சட்டம் மூன்றாவது வாசல் ஒன்றைத் திறந்தது. அரசு முகமைகள் பொதுவாக ஒரு விதியைச் செய்யுமுன் அதை அறிவித்து, யாரும் கருத்துச் சொல்ல இடம் தர வேண்டும். பல ஆண்டுகள் இந்த வாசலில் வழக்கறிஞர்களும் தொழில்துறைச் சங்கங்களுமே நின்றார்கள்.

தீவிரத்தின் கணக்கைப் போலியாக எழுத முடியும் என்பது இணையத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனங்களின் நலனுக்காகத் தன் அலுவலகத்தில் வந்து குவிந்த கடிதங்களை, 1985இல் டெக்சஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன் ஆஸ்ட்ரோடர்ஃப் என்று கேலி செய்தார். அது ஹியூஸ்டன் விளையாட்டரங்கில் விரித்த செயற்கைப் புல்லின் பெயர். அடிமட்ட மக்கள் இயக்கத்தைப் புல்வேர் என்று சொல்கிற நாட்டில் அந்தக் கேலி சரியாகத் தைத்தது. ஆனாலும் அந்தக் கடிதங்களுக்கு அஞ்சல்தலையாவது ஒட்ட வேண்டியிருந்தது.

1998இல் அந்தச் செலவும் போனது. குடியரசுத் தலைவர் கிளின்டனைப் பதவிநீக்காமல் கண்டித்துவிட்டு நாடு அடுத்த வேலையைப் பார்க்கட்டும் என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு கணினித் தொழில் தம்பதி ஒரு வரி மனுவை இணையத்தில் போட்டார்கள். லட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டார்கள். பிரதிநிதிகள் சபை அசையவில்லை. டிசம்பரில் பதவிநீக்கக் குற்றச்சாட்டு நிறைவேறியது. அந்த மனுவிலிருந்து பிறந்த மூவ்ஆன் அமைப்பு அதன்பின் நிதி திரட்டவும் வேட்பாளர்களை ஆதரிக்கவும் திரும்பியது. 2001 அக்டோபரில் செனட்டர்களுக்கு ஆந்த்ராக்ஸ் தூள் அடங்கிய கடிதங்கள் வந்தன. நாடாளுமன்ற அஞ்சல் முழுவதும் கதிர்வீச்சுச் சுத்திகரிப்புக்குப் போய்த் தாமதமாக வரத் தொடங்க, கடிதம் எழுதியவர்களும் மின்னஞ்சலுக்கு நகர்ந்தார்கள்.

இந்தப் போக்கின் உச்சம் 2017. எல்லா இணையதளங்களையும் சேவை நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற 2015ஆம் ஆண்டு விதியை நீக்க, கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் முன்வந்தது. கருத்துக் கேட்டபோது 2.2 கோடிக்கும் மேல் வந்து விழுந்தன. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையின்படி அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி. பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்த பிரசாரம் ஒன்றில் 85 லட்சம் கருத்துகள், உண்மையான ஆட்களின் பெயரில், அவர்களுக்கே தெரியாமல் போயிருந்தன. பரிசுக்கூப்பன் ஆசை காட்டி ஆள் சேர்க்கும் இடைத்தரகர்களின் வேலை அது. அந்த மோசடி நிறுவனங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பும் சுத்தமில்லை: 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் கற்பனைப் பெயர்களில் 77 லட்சத்துக்கும் மேல் அனுப்பியிருந்தார். ஆடம்ஸ் காலத்தில் மனுவை முடக்க ஒரு விதி தேவைப்பட்டது. இங்கே அது தேவைப்படவில்லை. எண்ணிக்கையைவிட வாதத்தின் சாரமே முக்கியம் என்றார் ஆணையத் தலைவர் அஜித் பை. சட்டப்படி அது சரியும்கூட. 2017 டிசம்பரில் இணையச் சமத்துவ விதியை நீக்க ஆணையம் முடிவெடுத்தது.

கருத்துகள் தாமாகவே வந்து கொட்டிய அதே காலத்தில், தேடிப்போய்க் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் பதில் தருவோர் 1997இல் 36 விழுக்காடு, 2018இல் 6. இரண்டு கணக்குகளும் ஒருசேர ஆட்டம் கண்டன.

அதற்காக இணையம் யாரையும் எழுப்பவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2010 நாடாளுமன்றத் தேர்தல் நாளன்று ஃபேஸ்புக்கில் 6.1 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ‘இன்று தேர்தல்’ என்ற அறிவிப்பை மட்டும் பார்த்தவர்கள், எதையும் பார்க்காதவர்களைவிட அதிகமாக வாக்களிக்கவில்லை. வாக்களித்த நண்பர்களின் முகங்களையும் சேர்த்துப் பார்த்தவர்களிடம் மாற்றம் தெரிந்தது. கூடுதலாக விழுந்த வாக்குகள் ஏறத்தாழ 3.4 லட்சம் என்று நேச்சர் இதழில் 2012இல் வெளியான கட்டுரை மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பங்கு நண்பர்கள் வழியே பரவியது. 2004 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்ற ஹாவர்ட் டீன் கண்டதும் இதன் மறுபக்கம்தான். 2003இல் இணையத்தில் ஆளும் பணமும் திரட்டி முன்னணிக்கு வந்த அவருக்காக, வெளி மாநிலத் தொண்டர்கள் ஆரஞ்சுத் தொப்பியுடன் ஐயோவாவில் கதவு கதவாகத் தட்டினார்கள். படியேறினார்கள், ஆனால் அது அவர்கள் ஊர்ப் படி இல்லை. 2004 ஜனவரியில் அங்கு நடந்த உட்கட்சித் தேர்தலில் டீன் மூன்றாமிடம் பெற்றார்.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் ஒரே வாசகம் கொண்ட மின்னஞ்சல்களைக் கட்டாகச் சேர்த்துக் கணக்கில் ஏற்றுகிறார்கள். சொந்த அனுபவத்தைச் சொல்லும் கடிதமும் நேரில் வருபவரும் கூடுதல் கவனம் பெறுகிறார்கள். தொலைபேசியில் அழைத்தால், எதிர்முனையில் இருக்கும் இளம் உதவியாளர் பெயரோடு அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கேட்பார். அழைப்பவர் தொகுதிக்காரர்தானா என்று அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.