தடியத் தேவரும் அருளானந்தரும்

சேதுவைக் காக்கும் பொறுப்பால் சேதுபதி என்னும் பட்டம் பூண்ட மன்னர்களுள் பெரும்புகழ் பெற்றவர் கிழவன் சேதுபதி. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவர் அவரே. அவர் ஆட்சியில், மறவர் சீமைத் தலைவர் ஒருவர், மனைவியரா மறையா என்னும் இக்கட்டான கேள்வியை எதிர்கொண்டார். அவர்தாம் தடியத் தேவர். நாம் அவரை அறிவது பெரும்பாலும் அருளானந்தர் வரலாற்றின் வாயிலாகத்தான்.

அருளானந்தர் என்று தமிழகம் போற்றும் ஜான் தெ பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர். அவர் 1673இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, கைம்பெண்ணான தாயார் அப்பயணத்தைத் தடுக்கப் பெரிதும் முயன்றார், மகன் இணங்கவில்லை. தமிழகத்தில் காவியுடுத்திப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கொடுந்துன்பம் அடைந்தார். இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்னும் ஆணையோடு சேதுபதி அவரை விடுவித்தார். பின்னர் ஐரோப்பா சென்றபோது, அதற்குள் மன்னராகிவிட்ட பேதுரு அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690இல் திரும்பி வந்தார். வந்தது, தடைவிதிக்கப்பட்ட அதே சீமைக்கு!

தடியத் தேவர் அப்போது கடும் நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் நற்செய்தியை வாசித்து வேண்டிய பின் நோய் நீங்கியது என்பது சேசு சபையாரின் கூற்று. தேவர் திருமுழுக்குக் கேட்டார். ஒருத்தியை மட்டுமே மனைவியாகக் கொள்ள வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் முதல் மனைவியை வைத்துக்கொண்டு, ஏனையோரை உடன்பிறந்தாராகப் பேணுவதாகக் கூறி விலக்கினார். 1693 ஜனவரி 6இல் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்டவருள் இளையவள் கடலாயி. அவள் சேதுபதியின் நெருங்கிய உறவினள். அடியார் வரலாறு எழுதினோர் அவளைச் சினமே உருவானவளாகத் தீட்டுவர். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. மறவர் குடியில் திருமணம் என்பது இரு குடும்பங்களின் உடன்படிக்கை. தேவர் துறந்தது தம் இன்பத்தை மட்டுமன்று. அரசரோடு கொண்ட உறவையும் அறுத்தார். தேவரது குடும்பமோ அரசுரிமை கோரத்தக்கது என்று சேசு சபைக் குறிப்புகள் சொல்கின்றன. அங்ஙனமாயின் சேதுபதியின் ஐயம் வீணன்று. கடலாயியோ, தன்னைக் கேளாமலே முடிந்துபோன ஒன்றுக்காகப் பிறந்தகத்தில் முறையிட்டாள். வேறெங்கே முறையிடுவாள்?

இரண்டு நாளில் அருளானந்தர் சிறைப்பட்டார். தடியத் தேவர் அவருக்காக வழக்காடினார். மறையைக் கைவிடுமாறு வற்புறுத்தியபோதும் அசையவில்லை. அவர்பால் கைவைத்தால் கலகம் எழலாம் என்று அஞ்சிய சேதுபதி, குருவையே ஓரியூருக்கு அனுப்பினார். வெளியே சொன்னது நாடுகடத்தல். உள்ளே, தம் தம்பி உடையத் தேவருக்குக் கொலையாணை. 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதனன்று, பாம்பாற்றங்கரையில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

மகன் இறந்த செய்தி லிஸ்பனை அடைந்தபோது, தாயார் துக்க உடை களைந்து விழாக்கோலத்தில் அரண்மனைக்கு வந்தார் என்பர். திருச்சபை 1947இல் அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. ஓரியூரின் செம்மணலை அவர் குருதி தோய்ந்ததென்று மக்கள் எடுத்துச் செல்கின்றனர். அங்கே முடியிறக்கி, ஆடு வெட்டி நேர்த்திக்கடன் செலுத்துவோரில் கிறித்தவர் அல்லாத மறவர் குடும்பங்களும் உண்டு.