ஈரக்காற்றில் கலைப்பொருள்: பத்து பாகாட்டில் பசுமைக் காப்பும் இடமாற்றமும்

கலைப்பொருள்களின் பசுமைக் காப்பு என்பது ஓவியம், துணிக்கலை, ஓலை, காகிதம், மரச்சிற்பம் போன்றவற்றைப் பாதுகாத்து வைக்கும், இடம் மாற்றும் முறைகளில் ஒன்று. மின்சாரம், நச்சு மருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொதி ஆகிய மூன்றையும் இயன்றவரை குறைப்பது இதன் நோக்கம். குளிர்நாட்டு அருங்காட்சியகங்களில் வளர்ந்த இந்தப் பேச்சு, ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரை நகரான பத்து பாகாட்டுக்கு வரும்போது வேறு முகம் கொள்கிறது. இங்கே முதல் எதிரி ஈரக்காற்று.

மலாயில் 'பத்து' என்றால் கல், 'பாகாட்' என்றால் உளி. கடலோரத்து மின்யாக் பெக்குவில், சயாம் படையினர் பாறையைக் குடைந்து எடுத்ததாகச் சொல்லப்படும் பழங்கிணறு ஒன்று இந்தப் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. உளிபட்ட கல் நூற்றாண்டுகள் தாங்கும். ஊரின் மற்றக் கலைப்பொருள்களுக்கு அந்த வரம் இல்லை. ஜாவா வம்சாவளியினர் ஆடும் குடா கெபாங் ஆட்டத்தின் குதிரைகள் மூங்கிலைப் பின்னிச் செய்தவை. சீனர் வீட்டுச் சுருள் ஓவியம் காகிதம். தமிழர் பூசையறையில் தொங்கும் தஞ்சாவூர் ஓவியமோ பலகை, துணி, சுண்ணப்பசை, தங்கத்தாள், கண்ணாடிக்கல் என்று ஐந்தாறு பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி நிற்கும் ஒரு சிறு கட்டடம்.

ஈரமும் குளிர்சாதனமும்

ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். தீபகற்ப மலேசியாவின் கரையோரங்களில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைக் கடப்பது சாதாரணம். நண்பகல் வெயிலில் அது இறங்கும், மாலை மழைக்குப் பிறகு மீண்டும் ஏறும். பலகை இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து விரியும், சுருங்கும். அதன்மேல் உள்ள சுண்ணப் புடைப்பு அவ்வளவு வளையாது. தஞ்சாவூர் ஓவியத்தில் மயிரிழை விரிசல் விழுவதும் தங்கத்தாள் எழும்புவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

உடனே நினைவுக்கு வரும் மருந்து குளிர்சாதனம். ஆனால் பகலில் ஓட விட்டு இரவில் அணைக்கும் குளிர்சாதனம் உதவியை விட உபத்திரவமே அதிகம் செய்யும். குளிர்ந்துபோன சுவரிலும் ஓவியத்தின் முதுகிலும் வெளியிலிருந்து நுழையும் வெந்நீராவிக் காற்று பட்டதும் ஈரம் படிகிறது. காலையில் சட்டத்தின் பின்பக்கம் தொட்டால் பிசுபிசுக்கும். கட்டணமும் போய் ஓவியமும் போகும் வழி இது.

உலகப் பெரும் அருங்காட்சியகங்களே இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தன. 20 பாகை செல்சியஸ், 50 விழுக்காடு என்று ஊசிமுனையில் நிறுத்திவைக்கும் பழைய விதிக்கு மின்சாரம் ஏராளமாகச் செலவானது. அருங்காட்சியக இயக்குநர்களின் பிசோ குழு வகுத்த பசுமை நெறி, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 பாகை வரையும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் வரையும் போதும், மாற்றம் மெதுவாக இருந்தால் சரி என்கிறது. பத்து பாகாட் வீடு ஒன்றில் இந்தத் தளர்ந்த அளவையும் எட்டுவது கடினம். வெப்பத்தை அதன் போக்கில் விட்டு, ஈரத்தை 65-க்குக் கீழே வைத்தால் பாதிக் கிணறு தாண்டியதாகக் கொள்ளலாம். அதற்குச் சிறு அறை ஒன்றும், ஈரநீக்கிக் கருவியும், சில நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கும் ஈரமானியும் போதும்.

அறையே இல்லாதவர்களுக்கு இருப்பது பெட்டி. இறுக மூடும் பாலிப்புரோப்பிலீன் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்தால் உள்ளே தனி வானிலை உருவாகும். ஜெல் ஈரத்தால் நிறைந்ததும் அடுப்பில் ஏறக்குறைய 120 பாகையில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். நீல நிறம் காட்டும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு. அது நச்சு என்பதால் ஆரஞ்சு வகையே நல்லது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் ஈரத்தை உப்புநீராகத் தேக்கிவைப்பவை. ஒன்று சாய்ந்தால் ஓவியம் பாழ்.

வெள்ளமும் பரணும்

சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் ஆறுகள் கூடிப் பத்து பாகாட் ஆறாகின்றன. 2023 மார்ச் மாத மழையில் ஜொகூரில் பல்லாயிரம் பேர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். பத்து பாகாட் மாவட்டத்தின் சில பகுதிகளில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. தரையில் சாய்த்து வைத்த சட்டங்களுக்கு அத்தகைய நாளில் கதியில்லை. காப்பறைகளில் பொருள்களைத் தரையிலிருந்து குறைந்தது 10, 15 சென்டிமீட்டர் உயர்த்தி வைப்பது பொதுவிதி. அது கசிவுக்குப் போதும், வெள்ளத்துக்குப் போதாது. கால் ஊன்றி நிற்கும் மலாய்ப் பலகை வீடு இந்தப் பாடத்தை வேறு அளவில் படித்திருக்கிறது: தண்ணீர் கீழே போகும், காற்று தரைக்கு அடியிலும் ஓடும்.

அதற்காகப் பரணில் ஏற்றிவிடுவதும் தீர்வாகாது. துத்தநாகத் தகட்டுக் கூரையின் கீழ் நண்பகல் சூடு வண்ணத்தை இளக்கும், அரக்குப்பூச்சைப் பொரியவைக்கும். வீட்டின் நடுப்பகுதியில், வெளிச்சுவரைத் தொடாத உள்சுவர் அலமாரியின் மேல்தட்டே ஏற்ற இடம்.

துணி, மணம், பூச்சி

பத்து பாகாட் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். வெட்டுமேசையில் மிஞ்சும் துணி இங்கே பஞ்சமில்லாத பொருள். சாயமேற்றாத பருத்தியைக் கொதிநீரில் அலசிக் கஞ்சியை நீக்கினால் அருமையான உறை கிடைக்கும். கஞ்சி போகாவிட்டால் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்ததாகிவிடும். சாயத்துணி ஈரத்தில் கறைவிடும், அதை வெளிச்சுற்றுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம். பாலியெஸ்டர் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் சாயமற்ற பாலியெஸ்டர் பஞ்சு வேதியியல் முறையில் நிலையானது, பூச்சி தின்னாதது, பத்து முறை பயன்படக்கூடியது. ஒருமுறை எறியும் பருத்தியைவிட அதுவே பசுமையானது.

தமிழ் மரபுக்கு இந்தக் களத்தில் நீண்ட அனுபவம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் கலந்து சிறு துணிமுடிச்சாக ஓலைச்சுவடிகளின் அருகே வைக்கும் வழக்கம் பெயர்பெற்றது. மலேசிய வீட்டு அலமாரியிலும் அதே முடிச்சு வேலைசெய்யும், பொருளைத் தொடாமல் வைத்தால். மணம் பூச்சியை அண்டவிடாமல் செய்யும். ஏற்கெனவே மரத்துக்குள் இருக்கும் புழுவை அது கொல்லாது. கற்பூரமரப் பெட்டி பட்டுக்கும் பருத்திக்கும் பொருந்தும். அதன் ஆவி பரப்புகளில் படிகமாகப் படியக்கூடியது என்பதால் எண்ணெய் ஓவியத்தை அதில் வைப்பதில்லை.

மூங்கில் குதிரையின் கீழே மாவுபோல் பொடி உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள். நஞ்சடிப்பதற்குப் பதிலாகப் பொருளைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, −20 பாகை உறைபெட்டியில் ஒரு வாரம் வைப்பது அருங்காட்சியகங்களில் நிலைத்துவிட்ட முறை. வெளியே எடுத்தபின் ஒருநாள் முழுவதும் உறையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் பனி கோத்துக்கொள்ளும். வண்ணப்பூச்சு தடித்த குதிரைக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் எண்ணெய் ஓவியத்துக்கும் இந்த வைத்தியம் ஆகாது. உறைகுளிரில் பூச்சு நொறுங்கும். அவற்றுக்கு ஆக்சிஜன் உறிஞ்சிப் பைகளோடு மூச்சடைக்கும் முறை உண்டு. அது மெதுவானது, ஆனால் எச்சம் வைக்காதது.

வழிப்பயணம்

பசுமை என்ற பெயரில் தேங்காய் நாரையும் உமியையும் பெட்டிக்குள் அடைப்பது தப்பான ஆர்வம். இரண்டும் ஈரத்தையும் பூச்சியையும் கூடவே கொண்டுவரும். நார்ப்பாய்க்கு வெளிப்பெட்டியின் அடியில் அதிர்ச்சி தாங்கும் வேலை கொடுக்கலாம். ஓவியத்தைச் சுற்றித் தேன்கூட்டு அட்டையும் கழுவிய துணியும் நிற்கட்டும். அமெரிக்காவின் எக்கோவேட்டிவ் போன்ற நிறுவனங்கள் பூஞ்சை இழையில் வார்க்கும் பொதியுறை நன்கு சூடாக்கி உலர்த்தியது, ஆகவே உமியை விட நம்பகமானது. பபிள் ராப்பைத் தவிர்க்க முடியாதபோது குமிழ்கள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். லோரியின் சூட்டில் குமிழ் வட்டங்கள் வண்ணத்தில் பதிந்துவிட்டால் அழிப்பது அரிது.

பெட்டி மரத்துக்கும் விதி உண்டு. நாடு கடக்கும் மரப்பொதிகளுக்கான ஐஎஸ்பிஎம் 15 தரம், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகையில் 30 நிமிடம் சூடேற வேண்டும் என்கிறது. மெத்தில் புரோமைடு புகையும் அதில் ஒரு வழிதான், ஆனால் அது ஓசோன் படலத்தை அரிக்கும். முத்திரையில் வெப்பத்தைக் குறிக்கும் எச்டி எழுத்துகளைப் பார்த்து வாங்குவது எளிது. நெதர்லாந்தில் உருவான 'டர்ட்டில்' பெட்டிகள் வாடகைக்கு விடப்பட்டு ஊர் ஊராகத் திரும்பத் திரும்பப் போகின்றன. உள்ளூரில் அதையே ஒரு சட்டக்கடையும் இரண்டு கோயில் நிருவாகங்களும் சேர்ந்து செய்துகொள்ளலாம்: அளவு மாற்றக்கூடிய உள்தடுப்புகள் கொண்ட, திருகாணி பூட்டிய ஒரே பெட்டி.

பத்து பாகாட்டிலிருந்து யோங் பெங் வழியாக வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையைப் பிடிக்கும் லோரி கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ சில மணி நேரத்தில் போய்விடும். சூட்டைத் தவிர்க்க இரவுப் பயணம் நல்லது. ஓவியங்கள் படுக்காமல், பயணத் திசைக்கு இணையாக விளிம்பில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போகும் பொருளுக்குக் கப்பல் வழி விமானத்தைவிடப் பல பத்து மடங்கு குறைவான கரியை வெளியிடும். வாரக்கணக்கான கடல் ஈரத்துக்காகப் பொதியை மழையில்லாத நாளின் பிற்பகலில், ஈரமானி தாழ்ந்த நேரத்தில் கட்டி, பாலித்தீனால் மூடி ஒட்டுவார்கள். உள்ளிருக்கும் துணியும் அட்டையும் மிச்ச ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். சென்றடைந்ததும் பெட்டி மூடியபடியே 24 மணி நேரம் புதிய அறையில் கிடக்கிறது; அதன்பிறகே திருகாணிகள் கழற்றப்படுகின்றன.