வேலைவாய்ப்பு முகாம்

வேலைவாய்ப்பு முகாம் என்பது பணியாளர்களைத் தேடும் நிறுவனங்களும் வேலை தேடுவோரும் ஒரே நாளில் ஓரிடத்தில் நேருக்கு நேர் சந்திக்கும் நிகழ்வு ஆகும். தமிழ்நாட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் தனியார்துறை நிறுவனங்களை அழைத்து இம்முகாம்களை நடத்துகின்றன. மைய வளாகத்தில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய முகாம்களும், கல்லூரி வளாகங்களில் சனிக்கிழமைகளில் பெரிய முகாம்களும் நடைபெறுவது வழக்கம். ஒரு கல்லூரி தன் மாணவருக்கு மட்டும் நடத்தும் வளாக நேர்காணலிலிருந்து இது வேறுபட்டது. எட்டாம் வகுப்பு முடித்தவர் முதல் பொறியியல் பட்டதாரி வரை இதில் கட்டணமின்றிக் கலந்துகொள்ளலாம். நிறுவனங்கள் நேரில் வராத கல்லூரிகளின் மாணவர்க்குப் பெரும்பாலும் இதுவே முதல் வாசல்.

முன்னேற்பாடுகள்

பெரிய முகாம்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கேற்பதுண்டு. ஒரு வரிசையிலேயே ஒரு மணி நேரம் கழிந்துவிடக்கூடும் என்பதால், அறிவிப்பில் வெளியாகும் பட்டியலைப் பார்த்துத் தம் படிப்புக்குப் பொருந்தும் ஐந்தாறு நிறுவனங்களை முன்னரே தெரிவு செய்துகொள்வது நன்று.

தேர்வாளர் ஒருவரிடம் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. எனவே தன்விவரக் குறிப்பு ஒரே பக்கத்தில் அமைதல் வேண்டும். படிப்பு, தேர்ச்சி ஆண்டு, மதிப்பெண் விழுக்காடு ஆகியன மேற்பகுதியிலேயே தெரியவேண்டும். பிறருடையதைப் படியெடுத்து எழுதும் "குறிக்கோள்" பத்தியை எவரும் படிப்பதில்லை; அவ்விடத்தை இறுதியாண்டுச் செயல்திட்டத்திற்கு ஒதுக்கலாம். செயல்திட்டங்கள் விலைக்குக் கிடைப்பதைத் தேர்வாளர்கள் நன்கு அறிவர். ஆகவே "இதில் நீங்கள் செய்த பகுதி எது?" என்பது தவறாமல் வரும் கேள்வி. மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகம் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும். தான் செய்த ஒன்றை எளிய சொற்களில் விளக்கப் பழகுவது அதைவிடப் பயன்தரும்.

நிலுவைத் தாள்கள் (அரியர்) இருப்பின் மறைக்கலாகாது. சான்றிதழ் சரிபார்ப்பின்போது அது வெளிப்பட்டால் கிடைத்த பணியும் பறிபோகும்.

ஆவணங்கள்

மதிப்பெண் பட்டியல்கள், ஆதார் ஆகியவற்றின் நகல்கள், கடவுச்சீட்டு அளவு ஒளிப்படங்கள், தன்விவரக் குறிப்பின் பத்துப் படிகள் ஆகியன போதுமானவை. மூலச் சான்றிதழ்கள் காட்டுவதற்கு மட்டுமே. அவற்றை எந்த நிறுவனத்திடமும் விட்டுவருதல் கூடாது.

கேட்டறிய வேண்டியவை

முகாமில் பலர் கேட்கத் தயங்குவதும், பின்னர் வருந்துவதும் வேலையின் தன்மை குறித்தே. திருப்பெரும்புதூர், ஓசூர் போன்ற தொழிற்பகுதிகளின் ஆலைகளுக்கு ஆளெடுக்கும்போது, அப்பணி நிறுவனத்தின் நேரடிப் பணியா, ஆள்வழங்கு நிறுவனம் வழியான ஒப்பந்தப் பணியா, தொழில் பழகுநர் பயிற்சியா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநர் ஒரு பயிற்சியாளரே, தொழிலாளர் அல்லர். அவர் பெறுவது உதவித்தொகை. ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருந்தாலன்றி, பயிற்சி முடிந்ததும் அவருக்கு வேலை தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

அறிவிக்கப்படும் ஊதியம் பெரும்பாலும் நிறுவனத்தின் மொத்தச் செலவையே குறிக்கும். எடுத்துக்காட்டாக, மொத்தச் செலவு மாதம் 20,000 ரூபாய், அடிப்படை ஊதியம் 12,000 ரூபாய் எனக் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12%, ஊழியரின் பங்கு 12% என இரண்டுமாக 2,880 ரூபாய் கழியும். கைக்கு வருவது 17,120 ரூபாயைத் தாண்டாது. இதிலிருந்து விடுதி, உணவு, பேருந்து ஆகியவற்றுக்குப் பிடித்தம் உண்டா என்பதையும் கேட்கலாம். இவ்வாறு கேட்பது தேர்வைப் பாதிக்கும் என்ற அச்சம் தேவையற்றது.

குறிப்பிட்ட காலம் விலகுவதில்லை என்ற உறுதிப் பத்திரம் கேட்கப்பட்டால், அதன் காலத்தையும் தொகையையும் படித்தறியாமல் கையொப்பமிடலாகாது.

முகாமிற்குப் பின்

மேடையில் வழங்கப்படும் தாள் பணி நியமன ஆணையாக இராமல் தற்காலிகத் தெரிவுக் கடிதமாகவும் இருக்கலாம். சேரும் நாள், இடம், ஊதியம் மூன்றும் எழுத்தில் வரும்வரை மற்ற வாய்ப்புகளைக் கைவிடத் தேவையில்லை. தெரிவு செய்தபின் பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என்று பணம் கேட்பவர் குறித்து முகாமை நடத்திய மையத்தில் முறையிடலாம்.

தனியார் வேலையில் சேர்ந்தால் அரசு வேலைவாய்ப்பகப் பதிவு நீங்கிவிடும் என்ற எண்ணம் கிராமப்புற மாணவரிடையே பரவலாக உள்ளது. இது தவறு. முகாம் வழியாகத் தனியார் பணி பெற்றாலும் பதிவு நீக்கப்படுவதில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தல் வேண்டும்.