மகனும் ஓட்டக்காரரும்

பிள்ளையைப் பேணி வளர்த்து ஆளாக்குபவரை அரபு மொழியில் 'முரப்பி' என்பர். விளையாட்டுப் பயிற்சி அளிப்பவரை இக்கால அரபு ஏடுகள் 'முதர்ரிப்' என்று குறிக்கின்றன. முன்னது 'தர்பியத்' என்னும் சொல்லுக்கு உறவு. வளர்த்தல், பக்குவப்படுத்தல் என்னும் பொருளுடையது. பின்னது, பாதையைக் குறிக்கும் 'தர்ப்' என்னும் சொல்லோடு ஒரே வேரில் கிளைத்தது. ஒருவர் வளர்க்கிறார், மற்றவர் பாதையில் நடத்திப் பழக்குகிறார். மொழி இவ்விருவரையும் வேறுபடுத்தி வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவரே இருவராகவும் அமைந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன?

ஓட்டப் பந்தயத்துக்கும் நம் போன்றோருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். கற்பிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட நமக்கு, கற்பித்தல் எங்கே நிகழ்ந்தாலும் அது நம் வீட்டுச் செய்திதான். ஆகவே இங்கிலாந்து நாட்டு ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஒரு தந்தையின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அவர் பெயர் பீட்டர் கோ. தமிழில் கோ என்றால் அரசன் என்று பொருள் கொண்டு மயங்க வேண்டா. அது ஆங்கிலேயக் குடும்பப் பெயர். 1919-இல் பிறந்த அவர் தொழிலால் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் அவர் சென்ற கப்பலை ஜெர்மானியர் மூழ்கடித்தனர். சிறைப்பட்ட அவர் தப்பி ஸ்பெயின் நாட்டை அடைந்தார். போருக்குப் பின் மணந்துகொண்ட மங்கையின் தந்தை பஞ்சாபைச் சேர்ந்தவர். அவ்வகையில் இக்குடும்பத்தின் ஒரு வேர் நம் துணைக்கண்டத்திலும் ஓடுகிறது. மகன் செபாஸ்டியன் 1956 செப்டம்பர் 29 அன்று இலண்டனில் பிறந்தான். குடும்பம் ஸ்ட்ராட்ஃபோர்டில் சில காலம் வாழ்ந்து, பின்னர் ஷெஃபீல்டுக்குக் குடியேறியது. எஃகுக்கும், உணவு மேசையில் வைக்கும் கத்தி முள் கரண்டிகளுக்கும் பெயர் பெற்ற அந்நகரில், அத்தகைய ஒரு தொழிற்சாலையில் பீட்டர் உயர் பொறுப்பு வகித்தார்.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் நடந்தபோது ஷெஃபீல்டைச் சேர்ந்த ஷெர்வுட் தம்பதியர் இருவரும் பதக்கம் வென்றனர். கணவர் ஜானுக்கு 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம். மனைவி ஷீலாவுக்கு நீளம் தாண்டுதலில் வெள்ளி. பள்ளியில் தொலைக்காட்சி முன் அமர்ந்து அதைக் கண்ட மாணவர்களுள் செபாஸ்டியனும் ஒருவன். தம் ஊர் மனிதர் உலக அரங்கில் நிற்பதைக் கண்ட பிள்ளையின் நெஞ்சில் என்ன எழும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. விரைவில் அவன் ஹாலம்ஷயர் ஹாரியர்ஸ் என்னும் உள்ளூர் ஓட்டக் கழகத்தில் சேர்ந்தான். அப்போது வயது பன்னிரண்டு.

இங்கேதான் தந்தை வரலாற்றினுள் நுழைகிறார். அவர் ஓட்டக்காரர் அல்லர். பயிற்சியாளர் பட்டம் பெற்றவரும் அல்லர். இளமையில் மிதிவண்டிப் பந்தயத்தில் ஈடுபாடு இருந்தது, அவ்வளவே. மகனிடம் திறன் இருப்பதைக் கண்டதும், அத்துறை நூல்களைத் தேடித் தேடிக் கற்கத் தொடங்கினார். நடு வயதைத் தொட்ட ஒருவர், ஆலையில் நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து, உடலியல் நூலை அலிஃப் பே ஓதும் மாணவனைப் போல் முதல் பக்கத்திலிருந்து படித்தார். வாசகரே, இதை நாம் இலேசாகக் கடந்துவிடலாகாது. பிள்ளைக்குக் கற்பிக்கத் தந்தை என்ற உரிமையே போதும் என்று கருதும் தந்தையர் எத்தனை பேர்! அவர் தமக்கு அந்த உரிமையை எளிதில் வழங்கிக்கொள்ளவில்லை, கற்று ஈட்டினார்.

அக்காலத்தில் ஓட்ட உலகில் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு பெருமதிப்புப் பெற்றிருந்தார். அவருடைய மாணவர் பீட்டர் ஸ்நெல் 1960-லும் 1964-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 800 மீட்டர் ஓடுபவரும் முதலில் வாரம் நூறு மைல் ஓடி உடலுக்கு அடித்தளம் இட வேண்டும் என்பது லிடியார்டின் வழி. பீட்டர் கோ அதை ஏற்கவில்லை. வளரும் பருவத்துப் பிள்ளை, அதிலும் மெலிந்த உடலினன். அவனை மெதுவான நெடுந்தொலைவுகளில் ஆழ்த்தினால் மெதுவாக ஓடவே பழகுவான் என்று அவர் எண்ணினார். பிரிட்டனில் மைல் ஓட்டக்காரர்க்கெனத் தனிக் கழகம் கண்ட ஃபிராங்க் ஹார்வில் என்பவர் ஐந்து வேகப் பயிற்சி என்ற முறையைப் பரப்பியிருந்தார். 400 மீட்டர் முதல் 5000 மீட்டர் வரையிலான பந்தயங்களின் வேகங்களை மாறி மாறிப் பயின்றால், ஓட்டக்காரருக்கு எந்த வேகமும் அயலாகாது என்பது அதன் கருத்து. பீட்டர் இதைத் தம் மகனின் வயதுக்கும் உடலுக்கும் ஏற்ப அளந்து கொடுத்தார். தொலைவைக் குறைத்தார், வேகத்தைக் குறைக்கவில்லை. பொறியாளர் அல்லவா! எடையும் அளவும் நேரமும் அவர் கையில் எப்போதும் இருந்தன.

ஷெஃபீல்டு மேடு பள்ளம் நிறைந்த ஊர். ரிவலின் பள்ளத்தாக்கின் ஏற்றச் சாலையில் மகன் 800 மீட்டர் தூரத்தை மீண்டும் மீண்டும் ஏறி ஓட, தந்தை காரில் அருகே சென்று ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். பனிக்காலத்திலும் இது நிற்கவில்லை. கார்க் கண்ணாடிக்கு உட்புறம் இருந்த முகம் தந்தையின் முகமா, பயிற்சியாளரின் முகமா என்று மகனுக்கு அவ்வேளையில் தோன்றியிருக்குமோ?

பீட்டரிடம் இதற்கு ஒரு விடை இருந்தது. ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் செபாஸ்டியனை 'என் மகன்' என்று சொல்லமாட்டார். 'என் ஓட்டக்காரர்' என்றே குறிப்பிடுவார். கேட்டவர் சிலருக்கு அது கல்நெஞ்சமாகத் தோன்றியது. நமக்கு அப்படித் தோன்றவில்லை. நம் மத்ரஸாக்களில் உஸ்தாதின் பிள்ளை மற்றப் பிள்ளைகளைக் காட்டிலும் ஓர் அடி கூடுதலாகவே பெறுவான். சலுகை காட்டினார் என்னும் பழிக்கு அஞ்சி அவர் கையோங்குவார். வீட்டுக்குத் திரும்பியதும் அதே பிள்ளைக்குத் தம் தட்டிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்து வைப்பார். இரண்டு பெயரால் அழைப்பதற்கு அவருக்குத் தெரியவில்லை, பீட்டருக்குத் தெரிந்திருந்தது. ஓட்டக்காரர் தோற்றால் அது வேலையில் நேர்ந்த தோல்வி. அதன் சுமை மகன் மீது விழக்கூடாது. அதற்காகவே அந்தச் சொற்சுவர்.

பிள்ளை பல்கலைக்கழகம் சென்றதும் தந்தையர் பலர் பிடியை இறுக்குவர். செபாஸ்டியன் லஃப்பரோவில் பொருளாதாரமும் சமூக வரலாறும் பயிலச் சென்றபோது, அங்கிருந்த ஜார்ஜ் கேண்டி உடல் வலுவுக்கான பயிற்சிகளை அளிக்கத் தொடங்கினார். பீட்டர் அதற்கு இடம் கொடுத்தார். தம் கல்வியின் எல்லையைத் தாமே அறிந்திருந்தது ஆசிரியருக்குரிய நற்குணமாகும்.

1978-இல் பிராக் நகரில் ஐரோப்பியப் போட்டி. தந்தையின் திட்டப்படி மகன் தொடக்கம் முதலே முன்னணியில் பாய்ந்து, 800 மீட்டரின் முதல் சுற்றை ஏறத்தாழ 49 விநாடியில் முடித்தார். கடைசி நீட்டத்தில் கால்கள் கனத்தன. கிழக்கு ஜெர்மனியின் ஒலாஃப் பேயர் வென்றார்; சக நாட்டவரான ஸ்டீவ் ஓவெட் இரண்டாமிடம்; செபாஸ்டியன் மூன்றாமிடம். மறு ஆண்டு விளைச்சல் வந்தது. 1979 ஜூலை 5 அன்று ஓஸ்லோவில் 800 மீட்டரை 1 நிமிடம் 42.33 விநாடியில் ஓடினார். அதே நகரில் ஜூலை 17 அன்று மைல் ஓட்டத்தில் 3 நிமிடம் 48.95 விநாடி, ஆகஸ்டு 15 அன்று ஜூரிக்கில் 1500 மீட்டரில் 3 நிமிடம் 32.03 விநாடி. 41 நாள்களில் மூன்று உலகச் சாதனைகள்.

பின் வந்தது 1980, மாஸ்கோ. ஜூலை 26 அன்று 800 மீட்டர் இறுதி. உலகச் சாதனையாளரான செபாஸ்டியன் கூட்டத்தின் பின்னே தங்கி, வெளிப்புறமாகச் சுற்றி ஓடி, விழித்துக்கொண்டபோது ஓவெட் முந்திவிட்டிருந்தார். வெள்ளிதான் கிடைத்தது. தந்தை அப்போது பிறர் காதுபடவே மகனை ஏட்டில் அச்சிடத் தகாத ஒரு சொல்லால் ஏசினார். சுவர் இடிந்த இடம் இதுதான். ஏசியவர் பயிற்சியாளர் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். கேட்டவன் மகன் அல்லவா? பயிற்சியாளர் ஏசினால் ஓட்டக்காரன் வேறொரு பயிற்சியாளரைத் தேடிக்கொள்ளலாம். தந்தையை எங்கே தேடுவது? பீட்டரை நாம் மதிக்கிறோம். ஆயினும் இச்செயலை நியாயப்படுத்த நமக்கு மனமில்லை.

ஆறு நாள் கழித்து, ஆகஸ்டு 1 அன்று, 1500 மீட்டர். அத்தொலைவிலும் மைலிலும் ஓவெட் மூன்றாண்டுகளாகத் தோற்றதில்லை. செபாஸ்டியன் இம்முறை முன்வரிசையை விட்டு விலகவில்லை; கடைசி வளைவில் பாய்ந்து தங்கம் வென்றார். கிழக்கு ஜெர்மனியின் ஸ்ட்ராவ்ப் இரண்டாமிடம், ஓவெட் மூன்றாமிடம்.

எல்லா வீடுகளிலும் இக்கதை இவ்வாறு முடிவதில்லை. நார்வே நாட்டின் ஜெர்ட் இங்கெப்ரிக்ட்சனும் ஓட்டப் பின்னணி இல்லாத தந்தையே. அவரும் தாமே கற்று, ஹென்ரிக், ஃபிலிப், யாக்கோப் என்னும் மூன்று மகன்களை ஐரோப்பிய வாகையராக்கினார். யாக்கோப் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கமும் வென்றார். அக்குடும்ப வாழ்க்கை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. 2022-இல் தந்தையின் பயிற்சி நின்றது. 2023 அக்டோபரில் அம்மூவரும், தந்தை தம்மிடம் வன்முறை காட்டினார் என்று வெளிப்படையாக எழுதினர். அவர் மறுத்தார். 2025 ஜூனில் நீதிமன்றம் யாக்கோப் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. மகள் ஒருத்தியை ஈரத் துண்டால் அடித்த குற்றத்துக்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்ட 15 நாள் தண்டனை விதித்தது. நீதிமன்றம் சொன்னதற்கு மேல் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்கிறோம்: பதக்கங்களை எண்ணிப் பார்த்து அந்த வீட்டினுள் நிலவியதை எவராலும் கணித்திருக்க முடியாது.

கோ குடும்பத்துக்குத் திரும்புவோம். 1981-இல் செபாஸ்டியன் ஃபுளாரன்ஸ் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 41.73 விநாடியில் ஓடினார். அச்சாதனை 16 ஆண்டுகள் நின்று, 1997-இல் டென்மார்க்குக்காக ஓடிய வில்சன் கிப்கேட்டரால் வீழ்ந்தது. அதே ஆகஸ்டில் மைல் சாதனை பத்தே நாள்களில் அவரிடமும் ஓவெட்டிடமுமாக மும்முறை கைமாறியது. அதன்பின் நோய் வந்தது. 1982-லும் 1983-லும் உடல் ஒத்துழைக்காமல், ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலகப் போட்டிக்கு அவரால் செல்ல இயலவில்லை. பத்திரிகையாளர் பலர் இவர் கதை முடிந்தது என்று எழுதினர். தந்தையின் கல்வி கடினமாகச் சோதிக்கப்பட்டது இக்காலத்தில்தான் என்பது நம் கருத்து. நன்றாக ஓடுபவனை மேலும் ஓட வைப்பது எளிது. நோயுற்றவனுக்கு இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு என்று அளந்து கொடுப்பதற்கு வேறொரு பொறுமை வேண்டும். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் 1500 மீட்டரில் செபாஸ்டியன் 3 நிமிடம் 32.53 விநாடியில் மீண்டும் தங்கம் வென்றார். அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்கில் அந்தத் தங்கத்தை வென்ற ஆடவர் வேறு எவரும் இலர்.

1990-இல் மகன் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்; பின்னர் நாடாளுமன்றம் சென்றார்; இலண்டன் 2012 ஒலிம்பிக்கின் அமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தந்தையோ தாம் கற்றதை எழுதத் தொடங்கினார். அமெரிக்க உடலியல் அறிஞர் டேவிட் மார்ட்டினுடன் சேர்ந்து அவர் எழுதிய நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சி நூல் 1991-இல் வெளிவந்தது. விரிவாக்கிய பதிப்பு 1997-இல். ஒரு பிள்ளைக்காகக் கற்ற பாடம் ஊர் பேர் அறியாத பிள்ளைகளுக்குப் பாடநூலாயிற்று. 2008 ஆகஸ்டில், பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த நாள்களில், பீட்டர் கோ தமது 88-ஆம் வயதில் காலமானார்.