செல்லாக்காசும் பொன்னும்: டெட்ராய்ட் அணியின் துணிச்சல்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஆண்டுதோறும் நடப்பது டிராஃப்ட். பதினெட்டு வயதை எட்டிய ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வரிசை எண்ணே அங்கு நாணயம். முதல் சில எண்கள் பொன். நூறைத் தாண்டியவை ஏறக்குறையச் செல்லாக்காசு. அச்செல்லாக்காசுகளை வைத்து டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஆடிய சூதாட்டத்தையே இங்கு பார்க்கப்போகிறோம்.

1982இல் மைக் இலிச் வாங்கியபோது, 1955க்குப் பின் ஸ்டான்லி கோப்பையைக் கண்டிராத அணி அது. 'டெட் விங்ஸ்', அதாவது செத்த சிறகுகள், என்று ஊரார் எள்ளினர். 1983 டிராஃப்டில் பொதுமேலாளர் ஜிம் டெவலானோ நான்காவதாக ஸ்டீவ் ஐசர்மனை எடுத்ததில் வியப்பில்லை. 86ஆவதாகச் செக்கோஸ்லோவாக்கியாவின் பெட்ர் க்லீமாவை எடுத்ததுதான் துணிச்சல். கம்யூனிச நாட்டு ஆட்டக்காரர் வருவாரா என்பது அவருடைய அரசின் கையில் இருந்தது. 1985இல் மேற்கு ஜெர்மனியில் தம் அணியினரின் பயிற்சி முகாமிலிருந்து தப்பி க்லீமா டெட்ராய்ட் வந்து சேர்ந்தார்.

1989 ஜூனில் அதே துணிச்சல் பெருகியது. 53ஆவதாக ஸ்வீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். 74ஆவதாக செர்கேய் ஃபெதோரவ். 221ஆவதாக விளாதிமிர் கான்ஸ்தந்தீனவ். பின்னவர் இருவரும் மாஸ்கோ ராணுவ கிளப்பினர். அதற்கு முந்தைய மாதம்தான் அவர்களுடைய சக ஆட்டக்காரர் அலெக்சாண்டர் மோகில்னி ஸ்டாக்ஹோமிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பியிருந்தார். ஃபெதோரவின் திறமை பிற அணிகள் அறியாததன்று. வராத ஆளுக்கு எண்ணை வீணாக்குவானேன் என்று அவை ஒதுங்கின.

இங்கு நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: பணயம் யாருடையது? அணி இழக்கக்கூடியது ஓர் எண். 1990 ஜூலையில் போர்ட்லண்ட் நகரின் விடுதியிலிருந்து வெளியேறி, அணி உரிமையாளரின் விமானத்தில் ஏறிய இருபது வயது ஃபெதோரவ், தாய்நாட்டுக்குத் திரும்பும் வழியையே பணயம் வைத்தார். ராணுவ அதிகாரியான கான்ஸ்தந்தீனவ், புற்றுநோய் என்ற பொய்ச் சான்றிதழால் விடுவிக்கப்பட்டு 1991இல் வெளியேறியதை அணியின் அன்றைய நிர்வாகிகளே பின்னர் சொல்லியிருக்கிறார்கள்.

1995இல் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் ஐந்து ரஷ்யர்களை ஒருசேரக் களமிறக்கினார். 1997 ஜூன் 7 அன்று, 42 ஆண்டுகளுக்குப் பின் கோப்பை கிட்டியது. ஆறே நாளில், அவர் சென்ற வாடகைக் கார் மரத்தில் மோதி, கான்ஸ்தந்தீனவின் ஆட்ட வாழ்வு முடிந்தது. 1998இல் அணி மீண்டும் வென்றபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அவர் மடியில் தோழர்கள் கோப்பையை வைத்தனர்.

பின்னர் 171ஆவதாகப் பாவெல் தாத்சூக்கும் (1998), 210ஆவதாக ஹென்ரிக் ஸெட்டர்பெர்க்கும் (1999) வந்தனர். இருவரையும் கண்டெடுத்தவர் ஹோக்கன் ஆண்டர்சன். லிட்ஸ்ட்ரோமின் தலைமையில் 2008இல் கோப்பை வந்தபோது இவ்விருவரும் அதன் தூண்கள். ஆனால் அந்நேரம் எல்லைகள் திறந்துவிட்டன. எல்லா அணிகளும் ஐரோப்பாவைச் சல்லடையிட்டுத் தேடின. மறைந்துகிடக்கும் மணிகள் அருகின. 25 பருவங்கள் தொடர்ந்து பிளேஆஃப் கண்ட டெட்ராய்ட், 2017இல் அதைத் தவறவிட்டது.

அணியின் மதிநுட்பம் என்று இவ்வரலாற்றைச் சொல்வது எளிது. அதில் பாதிதான் உண்மை. அணி ஒரு செல்லாக்காசை வீசியது. அதைப் பொன்னாக்கும் விலையைக் கொடுத்தவர்கள் எல்லை தாண்டிய அந்த இளைஞர்கள்.